‘போட்டேன்’ என்ற சொல்லை நம்பாத அம்மையாருக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில், திராட்சைக் கொட்டையிலிருந்து சத்து பிரித்தெடுக்கும் நம் ஆலையின் ஆய்வகத் தலைவராய் வீற்றிருந்து, இன்றோடு பணி நிறைவு பெறும் பழவேற்காடு திருமதி ஆரிபா நூர் அகமது அவர்களுக்கு, ஆலை ஊழியர்கள் அனைவரும் அன்போடும் ஆற்றாமையோடும் வாசித்தளிக்கும் மடல்.

அளந்து பேசும் அறிவரசியே! அரை மில்லிகிராம் பிசகினாலும் ஆலையையே நிறுத்திவைத்த அஞ்சா நெஞ்சமே! பழவேற்காட்டின் பெருமையே! பரிவுக்கும் பிடிவாதத்துக்கும் ஒருசேரப் பெயர்பெற்ற பெண்மணியே! வணக்கம்.

ஏரியும் கடலும் கைகோக்கும் ஊரில் வணிகக் குடும்பத்தில் பிறந்து, பொன்னேரிப் பள்ளியில் முதல் மாணவியாய், சென்னைக் கல்லூரியில் வேதியியல் முதுகலையாய் உயர்ந்து, மஞ்சளும் மிளகாயும் அரைத்துச் சாயம் எடுத்துக்கொண்டிருந்த இச்சிறு ஆலைக்கு ஆய்வகம் என்று ஒன்று வேண்டும் என வாதாடி, அதைக் கட்டி, அதைக் காத்து, மஞ்சள் போய்த் திராட்சை வந்த பின்னும் மாறாத மனத்தோடு முப்பது ஆண்டுகளுக்கு மேலாய் மாசற்ற பணியாற்றிய மாதரசியே! கடமையே கண்ணாய், கண்ணாடிக் குடுவையே கைத்துணையாய், நேர்மையே நெஞ்சமாய், நிறையே நினைவாய் நின்ற நித்திலமே! தங்களைப் பாராட்டத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. எங்கள் தொண்டையில்தான் பஞ்சம்.

அம்மையீர்! மேலே கண்ட பத்தி வரைதான் நிர்வாகத்தின் பார்வைக்குப் போனது. ‘கண்ணாடிக் குடுவையே கைத்துணையாய்’ என்ற இடத்தில் மேலாளர் அவர்கள் கொட்டாவி விட்டார். “நல்லா கீது அப்பாவு, ஃபிரேம் போட்டுடு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கொட்டாவியை நம்பித்தான் மீதியை எழுதினோம். இப்போது அவர் மேடையில் தங்கள் அருகில்தான் அமர்ந்திருக்கிறார். எழுந்துபோக வேண்டுமானால் போகலாம், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இதை எழுதியவன் அப்பாவு, கிடங்குப் பொறுப்பாளன். இந்த ஆலையில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதும் வேலை என் தலையில்தான் விடியும். உண்மையைச் சொன்னால், என்னிடம் இருந்தது ஒரே ஒரு மடல்தான். ஆளுக்கு ஆள் பெயரை மட்டும் மாற்றி, புதுவாயல் கூட்டுச்சாலையில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் செல்வியிடம் கொடுத்துவிடுவேன். தங்களுக்கும் அப்படித்தான் செய்வதாக இருந்தேன். சென்ற வாரம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். இந்தப் புதுத் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது செல்வி இரண்டு பக்கம் அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “இன்னா சார் இது, மடலா, போலீஸ் கம்ப்ளெயின்டா?” என்றாள். “ரெண்டுந்தாம்மா, அடி” என்றேன்.

புகார் தங்கள் மேல்தான், அம்மையீர்!

ஓய்வு பெறுகிறவர்களின் மேசையை ஒப்புக்கொள்வது கிடங்குக்காரன் வேலை. வெள்ளை அங்கி, சாவிக்கொத்து, எடைக்கல் பெட்டி எல்லாவற்றையும் தாங்கள் ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தீர்கள். கீழ் இழுப்பறையை மட்டும் நான் திறந்தேன். உள்ளே மருந்துக்கடைக் காகித உறைகளில் மாத்திரை அட்டைகள் கிடந்தன. பொன்னேரி இதய மருத்துவர் தங்களுக்குக் கொழுப்புக்காக எழுதிக் கொடுத்த மாத்திரைகள் அவை. படியேறினால் நெஞ்சைப் பிடிக்கிறது என்று தாங்கள் போய்ப் பார்த்தது எங்களுக்குத் தெரியும். மாதாமாதம் வாங்கியிருக்கிறீர்கள். ஒரு குமிழ்கூட உடையவில்லை.

என்ன மேடம் இது என்று கேட்டேன். தாங்கள் எடைக்கல் பெட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: “நா போட்டு இன்னா ஆவப்போவுது அப்பாவு? அத்தினி பேரு உசுரக் காப்பாத்தறேன்னு வாசல்ல நின்னேன். நடந்துச்சா? விடு. இதக் கணக்குல சேக்காத, இது கம்பெனி சாமான் இல்ல.”

கம்பெனி சாமான் இல்லைதான். எங்கள் சாமான் அது. இந்த மடல் முழுவதும் அந்த அட்டைகளைப் பற்றியது. தாங்கள் அந்த மாத்திரையை மறுபடி போட வேண்டும். அவ்வளவுதான் எங்கள் விண்ணப்பம். மற்றவை எல்லாம் அலங்காரம்.

துவர்ப்பின் தத்துவம் தெரிந்தவரே! பாலிபீனால் என்ற பெயரே வாயில் நுழையாத எங்களுக்கு, அதை நாக்கிலேயே காட்டியவர் தாங்கள். திராட்சைக் கொட்டை ஒன்றைக் கொடுத்து, “கடி. இப்ப நாக்குல ஒட்டுதே துவர்ப்பா, அதுதான்யா நாம விக்கிறது” என்றீர்கள். தோலிலும் கொட்டையிலும் அந்தச் சத்து இருக்கிறது. கண்ணாடிக் குழாயில் அதை இரத்தத்தின் கெட்ட கொழுப்போடு சேர்த்துப் பார்த்தால், கொழுப்பு திரிந்துபோவதைத் தடுக்கிறது. திரிந்த கொழுப்புதான் இரத்தக் குழாயின் சுவரில் போய்ப் படிகிறது. ஆகையால் அது நல்ல சரக்குதான் என்று, சாறு வடிக்கும் தொட்டியைக் கழுவுகிறவருக்கும் விளங்கும்படி சொன்னீர்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஜூஸ் ஆலைகள் வேண்டாமென்று தள்ளிய சக்கையை லாரி லாரியாக இறக்கி, ஊர் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகும் அந்தப் புளித்த வாடையில் நின்று, உயிர் காக்கும் பொருளைச் செய்கிறோம் என்று மார்தட்டிக்கொண்டோம்.

அங்கேதான் தாங்கள் அடுத்த வாக்கியத்தைச் சொன்னீர்கள். அதைக் காதில் வாங்கியவர்கள் குறைவு. “மனுஷன் கண்ணாடிக் குழாய் இல்லய்யா. வயித்துக்குள்ள போனா பெரும்பகுதி ஒடம்புல சேராமலே போயிடும். மீதியும் குடல்ல, ஈரல்ல வேற ஒண்ணா மாறிடும். சில பேருக்குக் கொழுப்பு கொஞ்சம் எறங்குது, சில பேருக்கு ஒண்ணும் ஆவல. பழமா துன்னு, நல்லது. டாக்டர் மாத்திரைக்கு பதிலா துன்னாத.” இவ்வளவு தெளிவாகச் சொன்ன ஒருவரின் சொல், ஒரே ஒரு சுவரொட்டியிடம் தோற்றது. எப்படித் தோற்றது என்பதை இந்த மடலில் எழுதாவிட்டால் வேறு எங்கும் எவரும் எழுதப்போவதில்லை.

நிர்வாகம் கேட்டது, தாங்கள் ஒரு சோதனை நடத்தினீர்கள். விருப்பப்பட்டவர்கள் பெயர் கொடுத்தோம். பாதிப் பேருக்குத் திராட்சைச் சத்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே உறையில் வெறும் அரிசி மாவு. யாருக்கு எது என்று எவருக்கும் தெரியாது. வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டு, நாஷ்டாவுக்கு உணவகத்தில் முண்டியடித்ததும், “நீ மாவு, நான் மருந்து” என்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்ததும் இன்றும் நினைவிருக்கிறது. கடைசியில் தாங்கள் கணக்குப் பார்த்துச் சொன்னீர்கள். மாவு சாப்பிட்டவர்களுக்கும் சத்து சாப்பிட்டவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. ஒரே ஒருவருக்கு மட்டும் கொழுப்பு சரசரவென்று இறங்கியிருந்தது. உலர்த்தி இயக்குபவர், பொன்னேரிக்கு அப்பால் நெல் வயல் நடுவில் வீடு கட்டிக்கொண்டிருந்த நம் மணவாளன்.

“மணவாளனச் சேக்கக் கூடாது சார்” என்று மேலாளர் அறையில் தாங்கள் சொன்னது வெளியே வராந்தா வரை கேட்டது. “அவருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வச்சிக்கீது. டாக்டரு கொழுப்பு மாத்திரை குடுத்துக்கீறாரு, அத இந்த சோதனை நடக்கறப்பதான் ஆரம்பிச்சாரு. எறங்குனது அதால. நம்மளால இல்ல.” உள்ளே என்ன பதில் வந்தது என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அடுத்த மாதம் நெடுஞ்சாலை ஓரத்து மதில்மேல் பதில் வந்தது. சீருடையில் மணவாளன், கட்டை விரலை உயர்த்திக்கொண்டு, பக்கத்தில் சிவப்பு இதயமும் திராட்சைக் குலையும். ‘என் இதயம் துடிப்பது திராட்சையால்!’ என்று கீழே எழுத்து.

அம்மையீர்! ஊரார் அதை நம்பினார்களோ என்னவோ, மணவாளன் நம்பினார். தன் படத்தைத் தானே நம்பினார். தேநீர் இடைவேளையில் அவர் சொன்னதைக் கேட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் பலர் இருக்கிறார்கள்: “என் போட்டோவப் போட்டு ரோட்ல நிக்க வச்சிக்கீறாங்க. பொய்யா சொல்வாங்க? அந்த டாக்டரு மாத்திரை போட்டா காலெல்லாம் வலிக்குதுப்பா. நம்மளுது நாம செய்யறது. நம்ம கையாலயே காய வச்சது.” தாங்கள் ஆய்வகத்திலிருந்து இறங்கி வந்து எச்சரித்தீர்கள். அவர் பணிவாய் எழுந்து நின்று, “சரிங்க மேடம்” என்றார். டாக்டர் மாத்திரையை நிறுத்தியதை மட்டும் சொல்லவில்லை.

இனி வருவது ஒரு சொல்லின் கதை. அந்தச் சொல்லை இந்த ஆலையில் யார் முதலில் சொன்னார் என்று இன்று வரை தெரியவில்லை. நம் சரக்குக்குப் பெட்டியில் அச்சடித்த பெயர் ஒன்று. நம் வாயில் வந்த பெயர் ஒன்று. பெட்டி கட்டும் பிரிவில் நின்றுகொண்டு, “ஹார்ட் மாத்திரை பத்துப் பெட்டி ஏத்துடா” என்போம். மாதந்தோறும் ஊழியர்களுக்கு ஒரு டப்பா இலவசம் என்றதும், “ஹார்ட் மாத்திரை வாங்கிட்டியா?” என்று விசாரித்துக்கொள்வோம். வீட்டிலும் அதே பெயர்தான். குழந்தைகளுக்கும் அதே பெயர்தான். கிடங்கு அலமாரியில் அந்தப் பெயரைச் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்தவன் நான்தான், பேசவும் எழுதவும் சுளுவாக இருந்தது என்பதற்காக.

பொன்னேரி மருத்துவமனைக்கு மணவாளன் மறுபரிசோதனைக்குப் போனார். கூட அவர் மனைவி குணசுந்தரியும் போனார், நம் கட்டும் பிரிவில் இன்றும் வேலை செய்யும் அதே குணசுந்தரி. மருத்துவர் கேட்டாராம்: “ஹார்ட் மாத்திரை தினமும் போடறீங்களா?” மணவாளன் சொன்னாராம்: “ஒரு நாள் வுடறதில்ல சார்.” குணசுந்தரியும் சொன்னாராம்: “ஆமா சார், நாந்தான் தண்ணி குடுக்கறேன்.” மருத்துவர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த அறையில் யாரும் பொய் சொல்லவில்லை. கேட்டவரும் உண்மையைத்தான் கேட்டார், சொன்னவரும் உண்மையைத்தான் சொன்னார். இரண்டு மாத்திரைக்கும் ஒரே பெயர். அவ்வளவுதான் நடந்தது.

காலை ஷிப்டில் உலர்த்தி பக்கத்தில் அவர் சரிந்தார். முதலில் ஓடிவந்தவர் தாங்கள்தான். அவர் தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “நெஞ்ச அடைக்குது மேடம், நம்ம மாத்திரை ஒண்ணு குடுங்க” என்றார். நம்ம மாத்திரை! எதைக் கேட்கிறார் என்று தங்களுக்கு அந்தக் கணத்தில்தான் புரிந்தது. தங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். வண்டி பொன்னேரியைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து குணசுந்தரி வேலைக்குத் திரும்பிய அன்று, தாங்கள் கட்டும் பிரிவுக்குப் போய் அவர் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தீர்கள். அவர் பெட்டி ஒட்டிக்கொண்டே சொன்னார்: “தெனம் போட்டுக்கினுதான் மேடம் இருந்தாரு. நா தண்ணி குடுத்தேன். எதப் போட்டாருன்னு பாக்கலயே மேடம்.” தாங்கள் அவரோடு சேர்ந்து பெட்டி ஒட்டினீர்கள். ஆய்வகத் தலைவர் பெட்டி ஒட்டியது இந்த ஆலையின் வரலாற்றில் அன்று மட்டும்தான்.

கேட்டுக் காத்தவரே! மறுவாரமே உணவகத்து வாசலில் தாங்கள் வந்து நின்றீர்கள். நெஞ்சு நோய், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை என்று மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்த ஒவ்வொருவரும் அட்டையைச் சட்டைப்பையில் கொண்டுவர வேண்டும் என்று கட்டளை. “மாத்திரை போட்டியா?” என்று தாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. “அட்டையக் காட்டு” என்றுதான் கேட்டீர்கள். போட்டேன் என்று வாய் சொன்னால், “வாய நா கேக்கல, அட்டையக் கேக்கறேன்” என்பீர்கள். ரேஷன் கடையில்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை என்று முணுமுணுத்தோம். பேஜாரு புடிச்ச வேலை என்று பழித்தோம். வாயிற்காவலர் விக்டோரியா ஒரே பழைய அட்டையை ஒரு வாரம் காட்டி ஏமாற்றப் பார்த்தார். “நேத்தும் இதே ஓட்டை, இன்னிக்கும் இதே ஓட்டை. எலி கடிச்சுதா விக்டோரியா?” என்றீர்கள். வரிசையே சிரித்தது, விக்டோரியாவும் சிரித்துவிட்டு அங்கேயே ஒன்றைப் பிய்த்து விழுங்கினார்.

‘ஹார்ட் மாத்திரை’ என்ற சொல்லுக்கும் தடை போட்டீர்கள். ‘திராட்சைத் தூள்’ என்றுதான் சொல்ல வேண்டும். தவறிச் சொன்னவர் அந்த மேசைக்கே தேநீர் வாங்கித் தர வேண்டும். கிடங்கு அலமாரியிலிருந்த என் எழுத்தைத் தாங்களே ஈரத்துணியால் அழித்தீர்கள். எனக்கே தேநீர்ச் செலவு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்தக் காலத்தில் இந்த ஆலையில் ஒருவரும் நெஞ்சு வலியால் சரியவில்லை. திராட்சையால் அல்ல, தங்கள் நச்சரிப்பால்.

அதையும் நிறுத்தினார்கள். வெளிநாட்டுக் கொள்முதல்காரர்கள் ஆலையைப் பார்க்க வந்த மதியம், மதிலில் மணவாளன் சிரிக்க, வாசலில் வரிசையாய் நின்று நாங்கள் கொழுப்பு மாத்திரை அட்டைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தோம். வந்தவர்களில் ஒருவர் இது என்ன சடங்கு என்று கேட்டாராம். அன்று மாலையே மேலாளர் சொன்னார்: “இதயத்துக்கு மாத்திரை விக்கிற கம்பெனில ஆளுங்க எல்லாம் வேற கம்பெனி மாத்திரையத் தூக்கிக் காட்டுனா, நம்ம மானம் இன்னாத்துக்கு ஆவறது மேடம்?” வெளி மருந்துகளை வளாகத்துக்குள் காட்டக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் உத்தரவு ஒட்டினார்கள். மறுநாளும் தாங்கள் வாசலுக்கு வந்தீர்கள். எதையும் கேட்காமல் சுவரோரம் நின்றீர்கள். சாப்பாட்டு மணி அடித்து, எல்லோரும் உள்ளே போய் முடித்த பிறகு, தாங்கள் சாப்பிடாமலே ஆய்வகத்துக்குத் திரும்பினீர்கள்.

அம்மையீர்! அந்த மறுநாளில்தான் தாங்களும் மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்கள் என்று நான் கணிக்கிறேன். இழுப்பறையில் கிடந்த உறைகளின் மேல் மருந்துக்கடை குறித்த தேதிகள் அப்படித்தான் சொல்கின்றன. எங்களைக் கேட்க விடவில்லை என்றதும், தங்களைத் தாங்களே கேட்பதையும் விட்டுவிட்டீர்கள்.

சென்ற ஞாயிறு புதுவாயல் தேநீர்க் கடையில் தங்கள் கணவர் நூர் அகமது பாயைப் பார்த்தேன். பழவேற்காட்டு இறால் வியாபாரம் எப்படி என்று கேட்கத் தொடங்கி, பேச்சு தானாகத் தங்கள் பக்கம் திரும்பியது. “ராவுல நெஞ்சத் தடவிக்கினே ஒக்காந்துக்கீறா அப்பாவு. மாத்திரை போட்டியான்னா போட்டுட்டேன்றா. படிச்சவ, ஊருக்கே புத்தி சொன்னவ. அவ சொல்லும்போது நா இன்னான்னு சந்தேகப்படறது?” என்றார். ‘போட்டுட்டேன்.’ அந்தச் சொல்லை இந்த உலகத்தில் நம்பவே கூடாது என்று எங்களுக்குப் பாடம் நடத்தியவர், வீட்டில் அதே சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். குமிழ் உடையாத அட்டைகளைப் பற்றி அவரிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதையெல்லாம் பலர் முன்னிலையில் வாசிக்கலாமா என்று எங்களுக்குள்ளேயே சண்டை நடந்தது. அம்மாவின் நோயை மேடையில் ஏற்றலாமா, இது நாகரிகமா என்று சிலர் கேட்டார்கள். எங்கள் நோய்களைத் தாங்கள் எந்த அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டீர்கள்? உணவகத்து வாசலில், சாம்பார் வாளி போகிற வழியில், எல்லோரும் பார்க்க நிறுத்தித்தானே கேட்டீர்கள்? அதே நாகரிகம்தான் இதுவும்.

தங்களைப் போல் ஒருவரை வழியனுப்பும் நாளில், நாளை நல்லது நடக்கும் என்று எழுதுவது மடலின் மரபு. எழுத வரவில்லை, மன்னிக்கவும். நாளைக்கு ஆய்வக நாற்காலியில் உட்கார ஆள் போடவில்லை. வெளியூரில் இருக்கும் ஒருவர் கணினி வழியே ஒப்புதல் தருவாராம். தாங்கள் கடைசி வரை கையெழுத்துப் போட மறுத்த புதிய உறையில் ‘இதயத்தின் காவலன்’ என்று அச்சாகிக் கிடங்குக்கு வந்து இறங்கிவிட்டது. நான்தான் எண்ணி அடுக்கினேன். கட்டும் பிரிவில் பழைய சொல் மறுபடி தலைகாட்டிவிட்டது. போன வாரம் ஒருவன் ‘ஹார்ட் மாத்திரை’ என்றான், தேநீர் வாங்கித் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மதிலில் மணவாளன் இன்னும் நிற்கிறார். லாரிப் புழுதியில் சட்டை நிறம் போய்விட்டது, கட்டை விரல் மட்டும் உயர்ந்தபடி இருக்கிறது. குணசுந்தரி தினமும் கம்பெனிப் பேருந்தில் அந்த இடம் வரும்போது வலப்பக்க ஜன்னலுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எடுத்துவிடச் சொல்லிக் கேட்டோம். புது உறைக்குப் புதுப் படம் வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

இன்று நிர்வாகம் தங்களுக்கு வழங்கும் நினைவுப் பரிசு எது என்று தாங்கள் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. கட்டியவன் நான், ஆகையால் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆண்டுக்குத் தேவையான திராட்சைத் தூள், பட்டு நாடா சுற்றிய பெட்டியில். வீட்டுக்குக் கொண்டுபோங்கள், கெடுதலில்லை. தாங்கள் சொன்னபடி அது நல்ல சரக்குதான். ஆனால் அதை எந்தப் பெயரில் கூப்பிடுவீர்கள் என்பதுதான் எங்கள் பயம்.

எங்களுக்கு விடிவு வரும் என்று தங்களிடம் கேட்கவில்லை. உறையில் இருக்கும் எழுத்தை மாற்ற எங்களால் ஆகாது. மதிலில் இருக்கும் படத்தைக் கிழிக்க எங்களுக்குத் துணிவு போதாது. வேலை போய்விடும், வீட்டில் அடுப்பு நின்றுவிடும், உள்ளதைச் சொல்கிறோம். ஒருவரைப் பறிகொடுத்துவிட்டோம். இன்னொருவரைப் பறிகொடுக்க எங்கள் நெஞ்சில் வலுவில்லை. அதிலும் எங்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவரையே பறிகொடுத்துவிட்டு, நாளைக்கு எந்த முகத்தோடு அந்த உணவகத்து வாசலைத் தாண்டுவது?

இந்த மடலுக்குச் சட்டம் போட்ட கடைக்காரர், ஆலையின் வழக்கமான இதயமும் திராட்சைக் குலையும் போட்ட ஓரத்தை எடுத்துவைத்தார். வேண்டாம் என்று வெறும் கறுப்புக் கோட்டோடு வாங்கி வந்தோம். கூடத்தில் விருந்தாளிகள் பார்க்கும் இடத்தில் இதை மாட்ட வேண்டாம். சமையலறையில், தண்ணீர்க் குடத்துக்கு மேலே மாட்டுங்கள்.

முன் வரிசையில் அமர்ந்திருக்கும் நூர் அகமது பாய் அவர்களே! தங்கள் மனைவியைப் பாராட்டும் மடலில் தங்களையும் விளிப்பது முறையல்ல. ஆனாலும் குணசுந்தரி, இந்த மடலில் தன் பெயரில் ஒரு வரி இருக்க வேண்டும், அதைத் தான் சொன்னபடியே எழுத வேண்டும் என்று கேட்டார். அழகு செய்யாமல் அப்படியே எழுதுகிறோம்: “பாய், நா தெனம் தண்ணி குடுத்தேன். போட்டியான்னு கேட்டேன். போட்டேன்னாரு. நீங்க கேக்காதீங்க பாய். பாருங்க.”

அம்மையீர்! அறிவாலும் அன்பாலும் எங்களை ஆண்டவரே! எங்களைக் கேட்பார் இல்லை என்று ஏழைகள் புலம்புவது வழக்கம். எங்களைக் கேட்க ஒருவர் இருந்தார். சாப்பாட்டு வேளை தவறாமல், வாசலில் நின்று, பேர் சொல்லி, அட்டையைக் கேட்க ஒருவர் இருந்தார். நாளை முதல் நாங்களும் கேட்பாரற்றவர்கள். அது எங்கள் விதி, அழுதுகொள்கிறோம். தாங்கள் ஏன் கேட்பாரற்றுப் போக வேண்டும்?

நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் பெற்றுத் தாங்கள் வாழ வேண்டும் என்று எழுதி முடிப்பதுதான் முறை. எழுதினால் தங்களுக்கே சிரிப்பு வரும். ஆயுளை வாழ்த்தி வாங்க முடியாது என்று சொன்னவரே தாங்கள்தான். ஆகையால் இதை வாசித்து முடித்ததும் மாலை போட மாட்டோம். இழுப்பறையில் கிடந்த மாத்திரை உறை ஒன்றைத் தங்கள் கைப்பையில் வைத்தவன் நான். மேசைமேல் தண்ணீர் வைத்திருக்கிறது, குணசுந்தரி வைத்தது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அட்டையைக் காட்டுங்கள், மேடம்.

இங்ஙனம்,
இனிக் கேட்பாரில்லாத
ஆலை ஊழியர்கள்
கும்மிடிப்பூண்டி